கரும்பலகையின் அடியில் அரையடி இடம் வேண்டும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தின் கரும்பலகையில் நாள்தோறும் 'அறியாத செய்தி' எழுதும் தம்பிகளுக்கும், செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வந்து முத்து முத்தாக எழுதிவிட்டுப் போகும் அந்தப் பெண்ணுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப்பேருக்கு என் முகம் தெரிந்திருக்கும். 31 ஆண்டுகள் இந்த ஊரில் தபால்காரனாகச் சைக்கிள் மிதித்தவன். உங்களில் இரண்டு பேர் வீட்டுக்குக் கல்லூரி அனுமதிக் கடிதம் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். ஒரு வீட்டில் லட்டு கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. அது போகட்டும். இப்போது ஓய்வில் இருக்கிறேன். காலையில் பால் வாங்கப் போகும்போது உங்கள் பலகை முன் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

நேரில் சொல்லாமல் ஏன் ஊரறிய மடல் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நாற்காலி எடுத்துப் போடுவீர்கள், டீ சொல்லுவீர்கள், நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டி வழியனுப்பி வைப்பீர்கள். எனக்குத் தலையாட்டல் வேண்டாம். தவிரவும், இப்படிப் பலகை எழுதுகிற படிப்பகங்கள் நம் மாவட்டத்தில் இன்னும் பல இருக்கின்றன. அவர்கள் காதிலும் விழட்டும்.

போன மாதம் ஒரு நாள், 'சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து பார்த்தாலும் வெறும் கண்ணுக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தீர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி பள்ளி வேனுக்கு உங்கள் பலகையடியில்தான் நிற்பாள். அந்த வாரமே பள்ளியில் வினாடி வினா. பெருஞ்சுவரைப் பற்றிய கேள்விக்குப் பலகையில் படித்ததைச் சொன்னாள். தவறு என்றார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணில் அவள் அணி தோற்றது. வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, 'பலகையில எழுதியிருந்ததே தாத்தா' என்று அழுதாள். நான் பள்ளிக்கூடத்தோடு சண்டைக்குக் கிளம்பினேன். சட்டையெல்லாம் போட்டாகிவிட்டது. போகும் வழியில் நூலகத்தில் ஒரு வார்த்தை சரிபார்த்துக்கொண்டு போவோம் என்று நுழைந்தேன். நல்லவேளை.

பள்ளிக்கூடம் சொன்னதுதான் சரி. சுவர் பல ஆயிரம் கிலோமீட்டர் நீளம், ஆனால் அகலம் ஒரு சின்னத் தெருவளவு. நிலவோ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மொட்டைமாடியில் கட்டியிருக்கும் துணிக்கொடியைத் தெருக்கோடியில் நின்று பாருங்கள். முப்பதடி நீளக் கயிறுதான், ஆனாலும் கண்ணில் படாது. காய்கிற வேட்டிதான் தெரியும். நீளத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கண்ணுக்கு அகலம் வேண்டும். 2003இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றிவிட்டு வந்தார். அவர் போனது சில நூறு கிலோமீட்டர் உயரம்தான். அங்கிருந்தே சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். சீனாக்காரரே கைவிட்ட பெருமையை நாம் திருப்பாப்புலியூரில் சுமந்துகொண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பலகையைச் சந்தேகக் கண்ணோடு படித்தேன். 'மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான்', இது தவறு. 'தங்கமீனுக்கு மூன்று விநாடிதான் ஞாபகம்', இதுவும் தவறு. தீனி போடும் நேரத்தை அது நாள்கணக்கில் நினைவு வைத்திருக்கும். 'ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்', இது மட்டும் முழு உண்மை. எனக்கு உறுத்தியது என்னவென்றால், மூன்றையும் ஒரே சாக்பீஸில், ஒரே கையெழுத்தில், ஒரே ஆச்சரியக்குறியோடு எழுதியிருந்தீர்கள். நின்று படிக்கிற பிள்ளைக்கு எதை நம்புவது, எதை விடுவது என்று பிடி கிடைக்க வழியே இல்லை.

எங்கள் தொழிலில், அனுப்புநர் முகவரி இல்லாத கடிதம் என்றால் எங்களுக்கே ஒரு சலிப்பு வரும். பெறுநர் கிடைத்துவிட்டால் சரி. கிடைக்காவிட்டால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அது ஆர்.எல்.ஓ. என்கிற, கொடுக்க முடியாத கடிதங்கள் போய்ச் சேரும் அலுவலகத்துக்குப் போய், அங்கே பிரித்துப் பார்த்து, அப்போதும் துப்புக் கிடைக்காமல் முடங்கும். உங்கள் பலகைச் செய்திகளும் அப்படித்தான் இருக்கின்றன, அனுப்புநர் இல்லாமல். நான் கேட்பது ஒன்றே ஒன்று: பலகையின் அடியில் அரையடி இடம் ஒதுக்கி, 'எப்படித் தெரியும்?' என்று நிரந்தரமாக எழுதி, அதற்கு எதிரே தினமும் ஒரு வரி பதில் எழுதுங்கள். யார் பார்த்தார், எந்த ஏட்டில் இருக்கிறது, எப்படி அளந்தார்கள். அவ்வளவுதான்.

அப்படி எழுதினால் சுவை கெட்டுவிடும் என்று நினைக்கிறீர்களா? நம் ஊர்ச் சரக்கை வைத்தே காட்டுகிறேன். 31 ஆண்டுகள் மிதித்த வழியில் கிடைத்தவை.

குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. குண்டுசாலை என்று ஒரு சாலையும் இருக்கிறது. குண்டும் குழியுமாகக் கிடப்பதால் அந்தப் பெயர் என்று நானே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். சைக்கிள் மிதிப்பவனுக்கு வேறு என்ன தோன்றும்? உண்மை வேறு. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்ந்த நிலத்துக்கு எல்லை எது? கோட்டையிலிருந்து நாலாபுறமும் பீரங்கி சுடுவது, குண்டு போய் விழுகிற இடம் வரை கம்பெனிக்கு. இதுதான் கிரயத்தில் பேசிய அளவு. சங்கிலி கிடையாது, அளவுகோல் கிடையாது. அந்தச் சுற்றுக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. எப்படித் தெரியும்? சென்னையில் கம்பெனி நடத்திய ஆலோசனைக் கூட்டங்களின் குறிப்பேடுகளில் இருக்கிறது. நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்ப வேண்டும், எவ்வளவு தூரம் சுட முடியும் என்பது சுடுகிறவன் கைத்திறன் என்கிற தொனியில் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் குறிப்பைச் சேர்த்துச் சொன்னால்தான் கதையில் உள்ள குயுக்தியே தெரிகிறது, கவனித்தீர்களா? அப்போது சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. குண்டு உப்பலவாடிக்கும் யேலுக்கும் இடையில் இப்படி ஒரு பங்காளி உறவு.

அடுத்தது, நாம் நிற்கிற திருப்பாதிரிப்புலியூரே. ஆரியபட்டர் பூஜ்யத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒருநாள் எழுதியிருந்தீர்கள். அவருடைய நூல் கி.பி. 499. அதற்கு 41 ஆண்டுகள் முன்பு, சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், 'லோகவிபாகம்' என்ற சமண நூல் ஒன்று முடிக்கப்பட்டது. உலகத்தின் அமைப்பைப் பற்றிய நூல் அது. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், பாடலிகா என்ற ஊரில், சர்வநந்தி என்ற முனிவர் முடித்ததாக நூலின் இறுதியிலேயே குறிப்பு இருக்கிறது. பாடலி என்பது பாதிரி மரம். நம் கோயிலின் தலமரம் பாதிரி, சுவாமி பாடலீஸ்வரர். அந்தப் பாடலிகா நம் ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. அப்பர் சமணராக இருந்து தலைமை ஏற்ற பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளி இங்கேதான் இருந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அந்த நூலில் எண்களைச் சொற்களாக அடுக்கியிருக்கிறார்கள். ஓர் எண் இப்படி வருகிறது: ஐந்து சுழியங்கள், அப்புறம் இரண்டு, ஏழு, வானம், ஒன்று, மூன்று, உருவம். வானம் என்றால் வெறுமை, அதுவும் சுழியம். உருவம் என்றால் ஒன்று. கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி இடப்பக்கமாக எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். முதலில் 00000. அதற்கு இடப்பக்கம் 2. பிறகு 7, 0, 1, 3, 1. கிடைப்பது 13107200000. 1,310 கோடியே 72 லட்சம். இடத்தைப் பொறுத்து இலக்கத்தின் மதிப்பு மாறுவதும், வெற்று இடத்துக்குச் சுழியம் போடுவதும் தெரியாதவரால் இந்த வரியை எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. நான் முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தது பழைய மணியார்டர் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில். எண் சரியாக வந்து நின்றபோது, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உடனே 'பூஜ்யம் பிறந்தது நம் கடலூரில்!' என்று நாளைக்கே எழுதிவிடாதீர்கள். அதற்காகத்தான் அடியில் ஒரு வரி கேட்கிறேன். இன்று நம் கையில் இருப்பது சர்வநந்தியின் மூலநூல் இல்லை. சிம்மசூரி என்பவர் பிற்காலத்தில் வடமொழியில் மாற்றி எழுதியதுதான் கிடைத்திருக்கிறது. மாற்றியவர் எதையெதைச் சேர்த்தார் என்ற கேள்வி நிற்கிறது. ஊர் அடையாளமும் அறிஞர்கள் முடிவுதான், கல்வெட்டுச் சான்று இல்லை. இவ்வளவையும் சொன்ன பிறகும் அந்த ஐந்து சுழியங்களும் வானமும் அப்படியேதான் இருக்கின்றன. இன்னும் கேட்டால், சந்தேகத்தோடு சேர்த்துச் சொன்னபோதுதான் என் பேத்தி, 'அப்போ மூலநூல் எங்க போச்சு?' என்று கேட்டாள். ஆச்சரியக்குறியைப் பார்த்து அவள் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கியோம் லெ ஜான்டி என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக்கோள் சூரியனுக்குக் குறுக்கே கரும்புள்ளியாகக் கடந்துபோகவிருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து அதை நேரம் குறித்து அளந்தால் சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். அவருக்கு ஒதுக்கப்பட்ட மூலை புதுச்சேரி. 1760 மார்ச்சில் கப்பல் ஏறினார். மறு ஆண்டு மே மாதம் மேற்குக் கரையில் மாஹே பக்கம் வந்தபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்று தகவல். ஜனவரியிலேயே விழுந்திருந்தது. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று நடுக்கடலில் வானம் பளிச்சென்று இருக்க, வெள்ளி கடந்ததைக் கண்ணால் பார்த்தார். ஆடுகிற தளத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது, கப்பல் நிற்கிற இடத்துக்கும் சரியான கணக்கில்லை. பார்த்ததில் ஒரு காசுக்குப் பயனில்லை.

இந்த நிகழ்வு எட்டு ஆண்டு இடைவெளியில் இரட்டையாக வரும், பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. ஊர் திரும்பாமல் எட்டு ஆண்டு இந்தியப் பெருங்கடல் பக்கமே காத்திருப்பது என்று முடிவுசெய்தார் மனிதர்! இடையில் மணிலா போனார், அங்கிருந்தே பார்க்கலாம் என்று எண்ணினார். புதுச்சேரிக்குப் போ என்று பாரீஸிலிருந்து கடிதம் வந்தது. 1768 மார்ச்சில் புதுச்சேரி. இடிந்து கிடந்த கோட்டையின் மேல் கண்காணிப்புக் கூடம் கட்டிக்கொண்டார். சண்டை போட்ட ஆங்கிலேயரே சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றை இரவல் அனுப்பினார்கள். 1769 மே மாதம் முழுக்கக் காலை வானம் துடைத்துவைத்தது போல இருந்தது. ஜூன் 3 இரவும் அப்படியே. 4ஆம் தேதி விடியற்காலை எழுந்து பார்த்தால் மேகம். வெள்ளி சூரியனைக் கடந்து முடியும் வரை மேகம் விலகவில்லை. முடிந்த சிறிது நேரத்தில் சூரியன் வெளியே வந்து நாள் முழுக்கக் காய்ந்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்றைக்கு வானம் தெளிவு. இரண்டு வாரத்துக்கு மேல் எழுதுகோலைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. 1771 அக்டோபரில் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். போரிலும் கடலிலும் கடிதங்கள் தொலைந்த காலம் அது. ஒரு தபால்காரனாக இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வயிறு கலங்கும்.

எப்படித் தெரியும்? அவரே 1779இலும் 1781இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதி அச்சிட்டார். அதே நூலில் அவர் எழுதியிருக்கும் இன்னொன்றுக்காகத்தான் இந்தக் கதையையே எடுத்தேன். புதுச்சேரியில் காத்திருந்த மாதங்களில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரிடம் அவர் பாடம் கேட்டார். தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, மனப்பாட வாய்பாடுகளை முணுமுணுத்து, அந்த மனிதர் கிரகணம் கணித்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் மொத்த நேரத்தைக் கணித்துக் காட்டியபோது பிழை 41 விநாடி குறைவு. லெ ஜான்டி கையில் வைத்திருந்த ஐரோப்பிய அட்டவணையின் பிழை 68 விநாடி கூடுதல்.

மார் தட்டுவதற்கு முன் அடுத்ததையும் கேளுங்கள். 1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரி 'காலசங்கலித' என்ற நூலை எழுதினார். அவரும் புதுச்சேரியில் இப்படி ஒரு பஞ்சாங்கக்காரரைச் சோழியோடு உட்காரவைத்து, அந்த ஆண்டின் மே 31 கிரகணத்தைப் போடச்சொன்னார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிழை, நடுவில் 23, முடிவில் 52. அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒன்றுமே தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் எழுதுகிறார். எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் பெரிய வியப்பு. கோட்பாடு தெரியாத ஒருவர், தாளும் பேனாவும் இல்லாமல், சோழியையும் வாக்கியத்தையும் வைத்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பிழையோடு கிரகணத்தைச் சொல்கிறார்! 41 விநாடியை மட்டும் எழுதி 52 நிமிடத்தை மறைத்தால் அந்த மனிதரையே பாதி மறைத்ததாகிவிடும்.

வாக்கியம் என்றேனே, அது நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரில் 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்று இருக்கிறதே, அதுதான். சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். வாக்கியத்தைச் சொன்னால் அன்றைக்குச் சந்திரன் நிற்கும் இடம் வந்துவிடும். 248 நாளில் சந்திரன் பூமியை நெருங்கி விலகும் சுற்று ஏறக்குறைய ஒன்பது முறை முடிகிறது, பிறகு முதலிலிருந்து. திருக்கணிதக்காரர்கள் இன்றைய வானியல் அளவுகளைச் சேர்த்துத் திருத்திக்கொண்டார்கள், வாக்கியக்காரர்கள் பழையதைக் காப்பாற்றுகிறார்கள். அதனால்தான் 2023இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17க்கும், திருநள்ளாற்றில் வாக்கியப்படி டிசம்பர் 20க்கும் வந்தது. இரண்டு தேதிக்கும் பரிகாரம் செய்த என் மைத்துனருக்கு இந்த விளக்கத்தைச் சொன்னேன். செலவுக் கணக்கை மட்டும் கேட்காதே என்றார்.

வெள்ளி கடப்பதை நானும் பார்த்தேன். 2004 ஜூன் 8, தபால் கொடுக்கும் நேரம், உச்சிவெயில். மஞ்சக்குப்பத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் ரெஜிஸ்டர் தபால் கொடுக்கப் போனேன். பட்டறைக்காரர் கையெழுத்துப் போடுவதற்கு முன், முகத்தடுப்புக் கண்ணாடியை என் கையில் திணித்து மேலே பார்க்கச் சொன்னார். பச்சையாக ஒரு சூரியன். அதன் மேல் ஒரு கடுகு. மிளகு அளவுகூட இல்லை. இதற்காகவா ஒருவர் பதினோரு ஆண்டுகள் அலைந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது, லெ ஜான்டி பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. தெரிந்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். 2012இல் மறுபடி வந்தது. அடுத்தது 2117.

இன்னும் நிறைய இருக்கிறது. திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. காளி கொன்ற அசுரனின் எலும்பு என்று ஊரார் சொன்ன கதையும் உண்டு. இரண்டையும் எழுதலாம், எது யார் சொன்னது என்று பிரித்து எழுதினால் போதும். நெய்வேலியில் தண்ணீருக்குக் கிணறு தோண்டியபோது கறுப்புத் தூளாக வந்ததை அலட்சியம் செய்யாமல் அதிகாரிகளுக்குத் தெரிவித்த ஜம்புலிங்க முதலியார் கதை இருக்கிறது. கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. மணியார்டர் படிவத்தின் கட்டத்துக்குள் ஒருநாளும் அடங்காத பெயர். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பரைக் கரையேறவிட்ட இடம். 'எப்படித் தெரியும்?' என்பதற்கு எதிரே, 'அப்பருக்குச் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்துச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார், ஊர்ப்பெயர் சொல்கிறது' என்று எழுதுங்கள். அதற்கு மேல் நம்புகிறவர் நம்பட்டும். பாட்டி சொன்னதாக இருந்தால் பாட்டி சொன்னாள் என்றே எழுதுங்கள். அனுப்புநர் பெயர் இருந்தால் எனக்குப் போதும்.

தினமும் இவ்வளவு தேட நேரமில்லை என்பீர்கள். வாரத்துக்கு இரண்டு செய்தி எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். திங்கள் எழுதியது புதன் வரை நிற்கட்டும். மழை அழித்தால் அழிக்கட்டும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒரு வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள் என்று உங்களில் ஒருவர் டீக்கடையில் சொன்னது என் காதில் விழுந்தது. தம்பி, அடுத்தவர் அஞ்சலட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் படிக்காதவர்களை நான் இந்த ஊரில் பார்த்ததே இல்லை.

'எப்படித் தெரியும்?' என்ற இரண்டு சொல்லையும் மஞ்சள் பெயின்ட்டில் எழுத ஆள் பேசிவிட்டேன், கூலி என்னுடையது. சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை பலகையைத் துடைத்துக் காயவைத்திருங்கள்.

இன்னொன்று. பெருஞ்சுவர் செய்தி தவறு என்று திங்கள்கிழமை எழுதிவிடுங்கள். துணிக்கொடி உதாரணத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். வேன் ஏழே முக்காலுக்கு வரும், அதற்குள் எழுதிவிட்டால் நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய தபால்காரர்